ஒரு ஆள் தாங்குற வீலு

திருடன் அம்மிணி அவன். உள்ளே ஸ்பேனரைத் தட்டிக்கிட்டு, காது கேக்காத மாதிரி முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கிறானே, அவனைத்தான் சொல்றேன். கேக்கட்டும். கேக்கோணும்னுதான் சத்தமாச் சொல்றேன். சந்தையில துணிக்கட்டைத் திருடினவனை நானே துரத்திப் புடிச்சு அறைஞ்சிருக்கேன். ஒருத்தி உக்கார்ற எடத்தைத் திருடினவனை இப்பத்தான் பார்க்கிறேன். எங்கூட்டுக்காரரோட புல்லட்டுல பின் சீட்டு. அது என் எடம். அதை எடுத்துட்டான்.

நீ உக்காரு கண்ணு. அந்தச் சேர் ஆடும், இதுல உக்காரு. யாருக்கு வீலு போட வந்திருக்க? அப்பாவுக்கா? போடு, நான் வேண்டாங்கல. ஆனா போடறதுக்கு முந்தி நான் சொல்றதைக் கேட்டுக்க. அவன் நோட்டீசுல போட்டிருக்கிறதெல்லாம் நெசம். வண்டி வேகம் குறைஞ்சா பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் சின்னச் சக்கரம் தானா எறங்கும். நின்னா சாயாது. கால் ஊன வேண்டாம். கெளம்பி வேகம் எடுத்தா தானா மேல ஏறிக்கும். அவன் பொய் சொல்லல. அதுதான் எனக்கு வயித்தெரிச்சலே. பொய் சொல்லியிருந்தா சட்டையைப் புடிச்சிருப்பேன்.

நான் மயிலாத்தாள். ஈரோட்டு ஜவுளிச் சந்தையில மயிலக்கா கடைன்னு கேட்டா யாரும் கை காட்டுவாங்க. எங்கப்பன் எனக்குக் குடுத்தது இந்த உசரம் மட்டுந்தான். தலையில துண்டு மூட்டையைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊராப் போய் வித்து, அப்புறம் தரைக்கடை, அப்புறம் கடை, அப்புறம் குடோன். பள்ளிக்கூடம் என்னைப் பார்த்ததில்ல. எனக்குப் பாடம் நடத்தினதெல்லாம் என்னை ஏமாத்தின யாவாரிங்கதான். நல்லாவே நடத்தினாங்க. இன்னிக்கு எந்த ஊர்க்காரன் வந்தாலும் என்கிட்ட வெலை பேசி ஜெயிக்க முடியாது.

அதுக்கு ஒரு வித்தை இருக்கு. உனக்குச் சொல்றேன், வச்சுக்க. வாங்கப் போற எடத்துல செருப்பைக் கழட்டி வச்சுட்டு உக்காரு. வெலை படியலையா, ஒண்ணும் பேசாத. எந்திரி. செருப்பை மாட்டு. மெதுவா, ஒவ்வொரு காலா மாட்டு. வாசலைத் தாண்டு. திரும்பிப் பார்க்காத. கூப்பிடுவான். கூப்பிடாத யாவாரியை நான் பார்த்ததே இல்ல.

எங்கூட்டுக்காரரு எனக்கு நேர் எதிர். பேசவே மாட்டாரு. உசரமும் என் தோளுக்குத்தான். பொண்ணு பார்க்க வந்தப்ப அவங்க சனமெல்லாம், "கொடிக்கம்பத்துக்கு மாலை போடற மாதிரி இருக்குமே"ன்னு சிரிச்சாங்க. அவரு மட்டும், "பரண் மேல இருக்கிறதை எடுத்துக் குடுக்க வீட்ல ஒரு ஆள் வேணுமில்ல"ன்னாரு. அவரு வாழ்நாள்ல பேசினதுலயே அதுதான் நீளமான பேச்சு. தறிப்பட்டறையில மேஸ்திரியா இருந்தாரு. தறிச் சத்தத்துல இருந்தவருக்குப் பேச்சு எதுக்கு? அவருக்குன்னு ஒரு ஆசை உண்டுன்னா அது அந்த புல்லட்டு. பிள்ளை குட்டி இல்ல எங்களுக்கு. அதைத்தான் தொடச்சுத் தொடச்சு வச்சிருப்பாரு.

பட்டறையில ஏணி சறுக்கி விழுந்தாரு. இடுப்புல கம்பி வச்சாங்க. எடது காலு நீட்டும், மடக்கும், கியரு போடும். பாரம் மட்டும் தாங்காது. வண்டி ஓடினா பழைய மனுசன். நின்னாத்தான் வெனை. எடது பக்கம் சாஞ்சுதுன்னா அந்தக் காலு நனைஞ்ச துணி மாதிரி மடங்கிரும். "வலது காலை ஊனிக்கலாமே"ன்னு டாக்டரு கேட்டாரு. வண்டி நம்மகிட்டக் கேட்டுக்கிட்டா சாயுது?

"வித்துருங்க"ன்னு எல்லாரும் சொன்னாங்க. நான் அவரு முகத்தைப் பார்த்தேன். "ஏனுங்க, நீங்க ஓட்டுங்க. நான் பின்னாடி உக்கார்றேன். நின்னா நான் ஊனிக்கிறேன்"னேன்.

சேலை சரிப்படல. அம்பது வயசுக்கு மேல சுடிதார் வாங்கினேன் அம்மிணி. சந்தையே சிரிச்சுது. "மயிலக்கா, எந்தக் காலேஜுங்க்கா?"ன்னான் ஒருத்தன். "உன்னை ஃபெயிலாக்கின காலேஜுதான்டா"ன்னேன். ரெண்டு பக்கமும் காலைப் போட்டு உக்காருவேன். அவரு பிரேக்கைப் புடிக்கிறதுக்கு முன்னாடி எடது தோளைச் சித்த தூக்குவாரு. அதுதான் எங்களுக்குள்ள சொல்லு. நான் காலை எறக்கி ஊனுவேன். ஊனினதும் அவரு முதுகுல ஒரு தட்டு. அப்பத்தான் அவரு மூச்சை விடுவாரு. எத்தனை லாரி ஆரன் அடிச்சாலும் அந்த மூச்சு எனக்குக் கேக்கும். பொறந்ததுல இருந்து என் உசரத்தைக் கேலி பண்ணினவங்கதான் அதிகம். அது ஒருத்தருக்கு ஆதரவா நின்னது அப்பத்தான்.

எனக்கு அந்த ஒரு வருசம் போதும் கண்ணு. வேற எதுவும் வேண்டாம். வீட்ல அவருகிட்டப் பேசினா டிவியைப் பார்ப்பாரு. கடையில பேசினா ஆள் வந்துரும். வண்டி ஓடறப்ப காத்துல ஒண்ணும் கேக்காது. ஆனா நின்னா கேக்குமே! ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு விசயம் வச்சிருப்பேன். பன்னீர்செல்வம் பார்க் சிக்னல்ல அவரு தம்பி பொண்டாட்டி பண்ணின அநியாயம். காளைமாட்டுச் சிலைகிட்ட அவரு மாத்திரை போடாதது. நான் காலை ஊனியிருக்கேன், வண்டி நகராது, அவரு எங்க போவாரு? எல்லாத்தையும் கேட்டுக்குவாரு. ஒரு பதில் எதிர்த்துப் பேச மாட்டாரு. பக்கத்து வண்டிக்காரங்க எல்லாம் எங்களையே பார்ப்பாங்க. அவ்வளவு ஒத்துமை.

பாசம்னா பாசம். கொஞ்ச நாள் போனதும் சிக்னல் இல்லாத ரோடாத் தேடித் தேடிப் போக ஆரம்பிச்சாரு. கடைக்கு நேரா வந்தா எட்டுற தூரம். வாய்க்கால் ரோடு, சுடுகாட்டு ரோடுன்னு சுத்தி வருவாரு. எனக்குக் கால் வலிக்கும்னுதான். வேற என்ன?

அப்புறம் தீபாவளி யாவாரம். எனக்குக் குடோனை விட்டு நகர முடியல. அவரு சொல்லாம வண்டியை எடுத்துட்டுத் தனியாப் போயிட்டாரு. போனு வருது. "அக்கா, மாமா சிக்னல்ல விழுந்துட்டாரு." ஓடினேன் அம்மிணி, செருப்பில்லாம. அவரு கீழ கெடக்கிறாரு, வண்டி மேல கெடக்குது, சுத்தியும் கூட்டம். எனக்கு உசுரே இல்ல. உசுரில்லாதப்ப எனக்கு வாய்தான் வரும். "நான் இல்லாம எதுக்குங்க எடுத்தீங்க? நீங்க என்ன எளந்தாரியா? ஊனறதுக்கு யாரு இருக்கான்னு எடுத்தீங்க?"ன்னு கேட்டுக்கிட்டே நிக்கிறேன். டிராபிக் போலீசுதான், "அம்மா, முதல்ல வண்டியைத் தூக்க விடுங்க, அப்புறம் திட்டுங்க"ன்னாரு. அவரு கீழ இருந்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு.

"மயிலா, காலு சுடுது."

சூடா இருந்த எஞ்சின் கெண்டைக்கால் மேல கெடந்திருக்கு. தழும்பு இன்னும் இருக்கு. வண்டி போட்ட தழும்பு அது. நான் திட்டினது தழும்பா போட்டுச்சு?

அதுக்கப்புறம் அவரு வண்டியைத் தொடல. சாவியை எடுத்து சாமி படத்துக்கு முன்னாடி வச்சுட்டாரு. "வாங்க, நான் பின்னாடி வர்றேன்"னு எத்தனையோ தடவை கூப்பிட்டேன். "வேண்டாம்"ன்னாரு. பொழுதுக்கும் ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு ரோட்டைப் பார்த்து உக்காந்திருப்பாரு. சோறு வச்சா திம்பாரு, வைக்கலைன்னா கேக்க மாட்டாரு. அந்த ஜன்னலைப் பார்த்தா எனக்கு யாவாரமே ஓடல. கடைக்கு வர்ற மூட்டை தூக்குறவருதான் இந்தப் பட்டறையைப் பத்திச் சொன்னாரு. நானேதான் வந்தேன் கண்ணு. இதே சேர்லதான் உக்காந்தேன். என் காலால நடந்து வந்து, என் கையால குடுத்து, என் எடத்தை நானே... சரி விடு. திருடினவன் அவன்.

அவன் ரெண்டு தினுசு காட்டினான். சின்னச் சக்கரத்தைப் புடிச்சிருக்கிற கம்பி இருக்கே, அதைக் கைன்னு சொல்றாங்க. "அக்கா, இது ஒரு ஆள் தாங்குற கை. இது ரெண்டு ஆள் தாங்குற கை, தடிமன் சாஸ்தி, மோட்டாரும் பெருசு. உங்களுக்கு ரெண்டு ஆள் கைதான் வேணும்"னான். வெலை சொன்னான். நான் பாதி சொன்னேன். அவன் சிரிச்சான். நான் எந்திரிச்சேன். செருப்பை மாட்டினேன், ஒவ்வொரு காலா. வாசலைத் தாண்டினேன்.

கூப்பிட்டான். "அக்கா, வாங்க. உங்க வெலைக்கே தர்றேன். ஆனா ஒரு ஆள் கைதான் கட்டுப்படியாகும். பின்னாடி யாரும் ஏறப்படாது, சம்மதமா?"

"சம்மதம்"னேன். ஜெயிச்சுட்டேன்ல? பட்டறையில இருந்தவங்களுக்கெல்லாம் டீ வாங்கிக் குடுத்தேன். ஏறப்படாதுன்னா என்ன, யாவாரத்துல எல்லாரும் எதையாச்சும் சொல்லி வைப்பாங்க. சாயம் போகாதுன்னு நான் சொல்லாத நாளா? நீயே சொல்லு, மனுசனா இருந்தா என்ன பண்ணியிருக்கோணும்? ஒரு ஆள் வெலையை வாங்கிக்கிட்டு ரெண்டு ஆள் கையைப் போட்டிருக்கோணும். அதுக்குப் பேருதானே பேரம்?

போட்டு முடிச்சதும் அவரைக் கூட்டிட்டு வந்தேன். இதோ இந்தக் காலி எடத்துலதான் ஒரு சுத்து ஓட்டினாரு. எனக்கு நேரா வந்து நிறுத்தினாரு. கால் ரெண்டும் மேலயே இருக்கு. சின்னச் சக்கரம் ரெண்டும் எறங்கி நிக்குது. அவரு ஹேண்டில்பார்ல இருந்து கையை எடுத்து, கட்டிக்கிட்டு, நின்ன வண்டி மேல சும்மா உக்காந்தாரு. சாயல. அழுதாரு அம்மிணி. நானும் அழுதேன். அவன் கையைப் புடிச்சு, "நீ என் கூடப் பொறந்த தம்பிடா"ன்னேன். இந்தத் திருடனைப் போயி.

"அண்ணா, ஒரு ஆள்தான். பின்னாடி ஆள் ஏறினா கை வளைஞ்சிரும்"னு அவன் மறுபடி சொன்னான்.

"ஒரு ஆள்தானுங்களா?"ன்னு கேட்டாரு அவரு.

"ஒரு ஆள்தானுங்கண்ணா."

"நிச்சயமா ஒரு ஆள்தானுங்களா?"

அப்படி ஒரு கவலை என் மேல. நான் விழுந்துருவேனோன்னு.

மறுநாள் காலையில சுடிதாரைப் போட்டுக்கிட்டு வாசலுக்கு வந்தேன். அவரு வண்டியைக் கெளப்பிட்டு நிக்கிறாரு. "வேண்டாம் மயிலா, வீலு தாங்காது"ன்னாரு. போயிட்டாரு. அந்தச் சுடிதாரோட நான் கடைக்கு ஆட்டோவுல போனேன்.

முதல்ல பவானி வரைக்கும் போனாரு. போய் நின்னதும் போன் பண்ணினாரு. "நின்னுட்டேன் மயிலா. சாயல." கொடுமுடி போனாரு. "நின்னுட்டேன். சாயல." பள்ளிக்கூடத்துல பரிசு வாங்கின பையனாட்டம் சொல்லுவாரு. எனக்கும் சந்தோசம், அதை நான் மறைக்கல. அப்புறம் போன் குறைஞ்சுது. அப்புறம் காங்கேயம் பக்கத்துல பழைய சிநேகிதர் தோட்டம், பார்த்துக்க ஆள் இல்ல, சித்த நாள் இருந்துட்டு வர்றேன்னாரு. பொங்கலுக்கு வர்றேன்னாரு. மாடு கன்னு போட்டிருக்குன்னாரு. சித்திரைக்கு வர்றேன்னாரு. வெயிலுன்னாரு. கோவிச்சுக்கிட்டெல்லாம் போகல அம்மிணி, தப்பா நெனைக்காத. அவருக்குக் கோவமே வராது. நான் எத்தனை பேசியிருக்கேன், ஒரு நாள் கோவப்பட்டதில்ல.

போன வாரம் பஸ் ஏறிப் போனேன்.

புல்லட்டு வேப்பமரத்தடியில நிக்குது. நான் போய்ப் பார்த்தது முதல்ல அதைத்தான். பின் சீட்டு இல்ல. கழட்டிட்டு, கம்பியில கேரியர் போட்டு, அதுல பால் கேன் கட்டியிருக்கு. "யாருங்க இதைக் கழட்டினது?"ன்னேன். "ஈரோட்லதான், வீலு போட்ட தம்பி"ன்னாரு. புரியுதா இப்ப, நான் ஏன் திருடன்னு சொல்றேன்னு?

அவரே காப்பி வச்சுக் குடுத்தாரு. அவரு பேசினாரு அம்மிணி. மாட்டைப் பத்தி, பால் சொசைட்டியைப் பத்தி, கெணத்துல குளிக்க வர்ற ஒரு மீன்கொத்தியைப் பத்தி. அத்தனை பேசி நான் பார்த்ததில்ல. காது குடுத்திருக்கலாம். எனக்கு எங்க? "எப்ப வர்றீங்க?"ன்னேன் நடுவுல.

சிரிச்சாரு.

நான் பேச ஆரம்பிச்சேன். எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை அதுதானே. "சரி, ஞாயித்துக்கெழமை மட்டும் வாங்க"ன்னேன். "சரி, அமாவாசைக்கு அமாவாசை"ன்னேன். "ஆடி நோம்பிக்கு மட்டுமாச்சும்"னேன். என் வாழ்க்கையில எந்தச் சரக்குக்கும் நான் இவ்வளவு எறங்கி வந்ததில்ல. அவரு தம்ளரைக் கழுவி வச்சுட்டு வந்து சொன்னாரு: "இங்க சத்தமில்லாம இருக்கு மயிலா."

எங்க வீடு சந்தைக்குப் பக்கம். விடியறதுக்கு முன்னாடியே லாரி வந்துரும். "வீட்டை மாத்திக்கலாங்க, ரங்கம்பாளையம் பக்கம் அமைதியா இருக்கும்"னேன். அவரு என்னைப் பார்த்தாரு. ரொம்ப நேரம் பார்த்தாரு.

நான் எந்திரிச்சேன். செருப்பு வாசப்படிக்குக் கீழ கெடந்துச்சு. மாட்டினேன். மெதுவா. ஒரு காலு. இன்னொரு காலு. வாரு சரியில்லாத மாதிரி குனிஞ்சு கூடப் பார்த்தேன். வாசலைத் தாண்டினேன். வேலியைத் தாண்டினேன். திரும்பிப் பார்க்கல.

கூப்பிடல கண்ணு.

வண்டிச் சத்தந்தான் கேட்டுச்சு. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூட வர்றேன்னு வந்தாரு. நான் நடக்கிறேன், அவரு பக்கத்துலயே ஓட்டிக்கிட்டு வர்றாரு. நான் நடக்கிற வேகத்துக்கு வந்ததால அந்தச் சின்னச் சக்கரம் ரெண்டும் மேல ஏறவே இல்ல. தரையிலயே உருண்டுக்கிட்டு வந்துது, கடைசி வரைக்கும். தென்னந்தோப்பு, மண்ணு ரோடு, நாங்க ரெண்டு பேரு. நான் ஒரு வார்த்தை பேசல. அவருகூட நான் பேசாம வந்தது அந்த ஒரு தடவைதான். அவரு மொகத்தைப் பார்த்தேன். பவானியில போய் நின்னப்ப போன்ல கேட்டேனே, அந்தக் குரலுக்கு ஒரு மொகம் இருந்தா அப்படித்தான் இருக்கும்.

பஸ் வந்துச்சு. அவரு வண்டியை நிறுத்தினாரு. நிறுத்தறதுக்கு முன்னாடி எடது தோளு சித்த தூக்குச்சு. வீலு இருக்குது, இனி எதுக்கு? பழக்கம். ஆனா எனக்கும் பழக்கம் அம்மிணி. தார் ரோட்டுல நின்னுக்கிட்டு இருந்தவ எடது காலை அழுத்தி ஊனிட்டேன். முதுகைத் தட்டக் கை போச்சு. பால் கேன்ல பட்டுச்சு. டொங்குன்னு ஒரு சத்தம். காலி கேன்.

அதைத்தான் இவன்கிட்டச் சொன்னேன், காலையில வந்து. "நீ காங்கேயம் போ. ரெண்டு ஆள் கையைப் போடு. சீட்டை மாட்டு"ன்னேன். அதுக்கு என்ன சொல்றான் தெரியுமா? "அக்கா, அண்ணன் இங்க கேரியர் போட வந்தப்பவே சொன்னேங்க்கா. பெரிய கையைச் சும்மாவே மாட்டித் தர்றேன், அக்காவையும் கூட்டிட்டுப் போங்கன்னு. அண்ணன்தான் இதே போதும் தம்பின்னுட்டாரு"ங்கிறான். பொய்! சும்மா குடுக்கிற சாமானை எவனாச்சும் வேண்டாம்பானா? நாப்பது வருசமா யாவாரம் பண்றேன், நான் பார்த்ததில்ல. புளுகுறான், மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுப் புளுகுறான்.

உங்கப்பாவுக்கு எந்தக் கை சொன்னான்? ஒரு ஆள் கையா? வேண்டாம் கண்ணு. ரெண்டு ஆள் கையே போடு. அவன் சொல்ற வெலையைக் குடு. உங்கம்மா இருக்காங்கல்ல? பின்னாடி உக்காரட்டும். உக்காந்தா பேசாம... அது அவங்க இஷ்டம். நான் என்னத்தைச் சொல்றது.

என்ன பார்க்கிற? என் செருப்பா? அதோ அந்த மூலையில கெடக்குது பாரு, கவுந்து கெடக்குது. கெடக்கட்டும். இன்னிக்கு நான் அதை மாட்டப் போறதில்ல.

ஏய்! உன்னைத்தான்டா. தட்டறதை நிறுத்து. இங்க திரும்பு. வெலை சொல்லு, எதுவானாலும் சொல்லு, பாதி கேக்க மாட்டேன், கால் கேக்க மாட்டேன், வாயே திறக்க மாட்டேன். பெரிய கையை எடுத்துக்க. சீட்டை எடுத்துக்க. காங்கேயம் பஸ் இப்பக் கெளம்பும், வா. நீதான் வந்து பேசோணும், நீ சொன்னாத்தான் அவரு கேப்பாரு. எங்க நிறுத்தினாலும் நிக்கும்க்கான்னு சொன்னியேடா, என் கையைப் புடிச்சுச் சொன்னியே. பவானியில நின்னுச்சு. கொடுமுடியில நின்னுச்சு. யாரோ ஒருத்தர் தோட்டத்து வேப்பமரத்தடியில ஆடாம அசையாம நிக்குது. என் வாசல்ல நிக்க வை.

நிக்க வைடா.